சாம்பலில் நிற்கும் அழகு

அழகு என்றவுடன் அலங்காரமே நம் நினைவுக்கு வருகிறது. அரபி மொழியோ அலங்காரத்தை ‘ஜீனத்’ என்றும், அழகை ‘ஜமால்’ என்றும் பிரித்து வழங்கும். ஜீனத் மேலே பூசப்படுவது. ஜமால் பொருளோடு இருப்பது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா பாடி, 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ என்னும் இசைப்படத்தை நோக்குவோம். இசை ஆகுமா, ஆகாதா என்பதில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவ்வாதத்தை இங்கே தொடங்கவில்லை; படைப்பின் கருத்தே நம் ஆய்வுக்குரியது.

பாடலை இயற்றியவர் கபேர் வாசுகி. படத்தை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். ஆனந்தபைரவியில் தொடங்கிச் சிந்துபைரவியில் நிறைவுறும் இராகமாலிகை இது. பட்டாடையோடும் குளிரூட்டிய அரங்கோடும் இணைத்தே நாம் எண்ணிப் பழகிய அவ்விசை, இங்கே கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் முன் நின்று ஒலிக்கிறது. பாடகர் மூச்சுக் கவசத்துடன் தோன்றுகிறார். மொழியோ சென்னைத் தெருப்பேச்சு.

புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறம்பான பொது நிலம். ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, இடுகாடு யாவும் அதனுள் அடங்கும். தனியார்க்கு உரிமையில்லாததாயின் அது எல்லார்க்கும் உரியதன்றோ? நீரையும் புல்லையும் நெருப்பையும் மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை அறிந்த நமக்கு இக்கருத்து புதியதன்று. ஆயினும், உடையவன் இல்லாதது பயனற்றது என்னும் எண்ணம் வளர்ந்ததும், அச்சொல் வசைச்சொல்லாயிற்று. நிலத்தை இழிவாகக் கருதியவர்கள் அங்கே சாம்பலைக் கொட்டினார்கள். சொல் கெட்டது, நிலமும் கெட்டது. பாடல் உணர்த்தும் உண்மை இதுவே.

அழுக்கைக் காட்டினால் கலையின் அழகு குன்றிவிடுமோ எனச் சிலர் ஐயுறலாம். நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் புன்னை மலரின் மணத்தோடு மீனின் புலால் நாற்றத்தையும் மறையாது பாடினார்கள். அதனால் நெய்தலின் அழகு குறைந்ததா? நல்லாடையையும் நற்காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் வினவியபோது, அது பெருமையன்று. உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக நோக்குவதுமே பெருமை என நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை நாம் அறிவோம். கலையை அளக்கவும் இதுவே தக்க அளவுகோல் என்பேன். இவ்விசைப்படம் அழகை விடவில்லை, உண்மையை மறுக்கவுமில்லை, மக்களை இழித்துரைக்கவுமில்லை.

எனினும் குறையொன்று உண்டு. ஆனந்தபைரவியின் இனிமை, தெருச்சொல்லின் கூர்மையைச் சிற்சில இடங்களில் மழுக்கிவிடுகிறது. இராக நுட்பத்தில் தலையசைக்கும் ரசிகர், சாம்பலையும் ஒரு ஜீனத்தாக, கண்ணுக்கு விருந்தான பின்னணியாகக் கண்டு அகன்றுவிடக் கூடும். துன்பத்தைப் பாடும் கலை யாவற்றுக்கும் இவ்வபாயம் உண்டு.

பாடல் வெளிவந்த அதே மாதம் 28ஆம் நாள், காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை மக்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, மீனவர்தம் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. பாடலொன்று ஆற்றைத் தூய்மையாக்கிவிடாது என்பது தெளிவு. அப்படியாயின் அதனால் விளைந்த பயன் யாது?

ஒரு சொல்லை அது மீட்டுத் தந்தது. பாடம் படிக்காத மாணவனை நானும் ஒருகாலத்தில் ‘பொறம்போக்கு’ என்று கடிந்ததுண்டு. அவன் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த பிள்ளை, தலைகுனிந்து நின்றான். ஒரே சொல்லால் அவனையும் அவன் ஊரையும் இழித்துரைத்தேன் என்பதை, இப்பாடலைக் கேட்ட பின்னரே உணர்ந்தேன். இன்று அச்சொல் என் நாவில் எழுவதில்லை. எழுந்தால், எல்லார்க்கும் உரியது என்னும் பொருளிலேயே எழும். பூமி நம் உடைமையன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை நினைவூட்டும் அழகே ஜமால்.