முதல் கருவி

பிள்ளை கையில் கருவி கொடுக்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு, பலகை வைத்த தேங்காய் துருவி. கைத்தொழில்வழிக் கல்வியைப் பேசிய 1937 வார்தா மாநாட்டில் காந்தி நூல் நூற்கும் தக்ளியை முன்வைத்தார். நான் துருவியை வைப்பேன். பலகைமேல் உட்கார்ந்தால் பிள்ளையின் பாரமே துருவியை அசையாமல் பிடித்துக்கொள்ளும். விரல் ஓட்டுக்கு வெளியே இருக்கட்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். மற்றதைத் தேங்காயே சொல்லித்தரும். அழுத்தினால் துண்டு துண்டாய் விழும். இதமாகத் திருப்பினால் பூவாய் உதிரும். ஓட்டை நெருங்கும்போது சத்தம் 'கறகற'வென்று மாறும், துருவலில் பழுப்பு தட்டும். சட்னி வெள்ளையாக வேண்டுமானால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வறுத்தரைத்த குழம்புக்கென்றால் பரவாயில்லை, இன்னும் இரண்டு சுற்று. கிண்ணத்தில் பாதிதான் அடுப்படிக்கு வந்துசேரும். மீதி, துருவியவர் கூலி.