தொழிற்கல்வி இலக்குகள்: எதை அளக்கிறோம்?

தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் 16ஆம் அத்தியாயம் தொழிற்கல்வியைப் பற்றியது. அதன் தொடக்கத்திலேயே ஓர் ஒப்பீடு வருகிறது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 19 முதல் 24 வயது வரையுள்ள உழைப்பாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 சதவிகிதத்திற்கும் குறைவு. அமெரிக்காவில் இது 52 சதவிகிதம், ஜெர்மனியில் 75, தென் கொரியாவில் 96. இந்த எண்களை மேடைகளில் கேட்டு, நாம் இவ்வளவு பின்தங்கியிருக்கிறோமே என்று நீங்கள் வருந்தியிருக்கலாம். அப்படி வருந்துவதற்கு முன், எந்த அளவீட்டைக் கண்டாலும் அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வியை இங்கும் கேட்போம். அளக்கப்பட்டது என்ன? எல்லா நாடுகளிலும் ஒரே கோலால்தான் அளந்தார்களா?

தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு மேல்நிலை வகுப்பு மாணவர்களில் தொழிற்பள்ளிகளில் பயில்வோர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 25 முதல் 34 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 70 சதவிகிதத்தினர் உயர்கல்வி முடித்தவர்கள். அப்படியிருக்க, 96 சதவிகிதம் எங்கிருந்து வந்தது? வேலையில் சேர்ந்தபின் நிறுவனம் அளிக்கும் பயிற்சி முதலியவற்றையும் சேர்த்தாலன்றி அந்த எண் கிடைப்பது அரிது. ஆனால் எதையெல்லாம் சேர்த்தார்கள் என்று கொள்கை ஆவணம் விளக்கவில்லை. நம் பக்கத்திலோ, மேஸ்திரியிடம் கட்டடவேலை கற்றவரும், பட்டறையில் வெல்டிங் பழகியவரும், மோட்டார் மெக்கானிக்கிடம் பத்தாண்டு இருந்தவரும் 'முறையான' என்ற ஒரு சொல்லால் கணக்கிலிருந்து விலக்கப்படுகிறார்கள். ஒன்றை அகலமான முறத்தாலும் மற்றொன்றைச் சிறிய உழக்காலும் அளந்துவிட்டு, இரண்டையும் ஒப்பிடுவது முறையாகாது. நம் நிலைமை நன்றாக இருக்கிறது என்பது இதன் பொருளன்று. பற்றாக்குறை எவ்வளவு, எங்கே என்பதை இந்த எண்ணால் அறிய முடியாது என்பதே பொருள்.

அடுத்து, இலக்குகளின் வரலாற்றைப் பாருங்கள். மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவு வேண்டும் என்று கோத்தாரிக் குழு (1964–66) பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தோன்றியபோது தொழிற்பாடப் பிரிவும் வந்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவிகிதத்தினர் 1990-க்குள்ளும், 25 சதவிகிதத்தினர் 1995-க்குள்ளும் தொழிற்பிரிவில் சேர வேண்டும் என்றது. 1992-இல் அக்கொள்கையைத் திருத்தியபோது அதே எண்கள் நின்றன. ஆண்டுகள் மட்டும் 1995, 2000 என்று ஐந்தைந்து ஆண்டு தள்ளிப்போயின.

2020-இன் கொள்கை, 2025-க்குள் குறைந்தது 50 சதவிகிதத்தினர் என்று இலக்கை உயர்த்தியது. ஆனால் எதில் 50 சதவிகிதம்? முன்பு இரண்டாண்டுப் படிப்பு. இப்போது தொழிற்கல்வியில் 'அறிமுகம்'. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் ஒருமுறை, புத்தகப் பையின்றிப் பத்து நாட்கள் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் சென்று பழகுவதும் இத்திட்டத்தின் ஒரு பகுதி. பிள்ளைகள் கைத்தொழிலை நேரில் காண்பது நல்லதே. ஆனால் பத்து நாள் பழக்கத்தையும் இரண்டாண்டுப் பயிற்சியையும் ஒரே வரிசையில் எழுதினால், தொழில் தெரிந்தவர்கள் பெருகாமலே எண் மட்டும் பெருகும்.

எண்ணின் மயக்கத்திற்கு இன்னும் பெரிய சான்று உண்டு. 2009ஆம் ஆண்டுத் தேசியத் திறன் வளர்ச்சிக் கொள்கை, 2022-க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் அளிப்பது என்று இலக்கு வைத்தது. 2011–12-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவின் மொத்த உழைப்பாளர் தொகையே 50 கோடியை எட்டவில்லை! பிற்பாடு, துறைவாரித் திறன் மன்றங்களை ஆராய்ந்த சாரதா பிரசாத் குழு, துறையின் தேவையைக் கருதாமல் மிக உயர்ந்த இலக்குகள் ஒதுக்கப்பட்டதையும், எல்லோரும் எண்ணிக்கையைத் துரத்தியதையும் கண்டித்தது. இலக்கு எண்ணிக்கையானால், அதை எட்டச் சுருக்கமான வழி பயிற்சிக் காலத்தைக் குறைப்பதுதான். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

"இதெல்லாம் அரசின் கணக்குத்தானே, எனக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்பு முடித்து நிற்கும் மாணவருக்கு இது வாழ்க்கைக் கணக்கு. தொழிற்பிரிவில் சேர்ந்தால் மேலே போக வழி உண்டா, அல்லது அங்கேயே கதவு மூடிவிடுமா? தமிழ்நாட்டில் இந்த ஐயத்திற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்றது. 'குலக்கல்வித் திட்டம்' என்று மக்கள் எதிர்த்தனர். 1954-இல் அது கைவிடப்பட்டது. தொழிலைக் கற்பதை யாரும் எதிர்க்கவில்லை. எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்வதையே எதிர்த்தனர். இன்றும் ஏழை வீட்டுப் பிள்ளைகளை மட்டும் தொழிற்பிரிவுக்கு ஒதுக்கி, அங்கிருந்து உயர்கல்விக்குப் பாதை இல்லாமற் செய்தால், பெயர் மாறினாலும் விளைவு அதற்கு அண்மையில்தான் நிற்கும்.

2020-இன் கொள்கையில் பாராட்ட வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கு உயர்கல்வி செல்லத் தெளிவான பாதை இல்லாமற் போனது முந்தைய தோல்விகளுக்கு ஒரு காரணம் என்று அது ஒப்புக்கொள்கிறது. நோயை அறிந்த ஆவணம், மருந்தைச் சொல்லும் இடத்தில் மறுபடியும் சதவிகிதத்தை இலக்காக்கியதுதான் குறை. பாதையை அளக்காமல் தலைகளை எண்ணுகிறது.

பலரும் மேற்கோள் காட்டும் ஜெர்மனியின் முறையை இப்போது பார்ப்போம். அங்கு இளைஞர் ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் நிறுவனத்தில் பயிற்சி. ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளியில் பாடம். காலம் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. 320-க்கு மேற்பட்ட தொழில்களுக்குப் பாடத்திட்டம் உள்ளது. அதை வகுப்பதில் அரசோடு முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் பங்குகொள்கின்றனர். இவற்றுக்கு 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் அடிப்படை. 75 என்ற எண் இந்த ஏற்பாட்டின் விளைவு. ஏற்பாட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

நம்மிடம் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன்படி தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்தபின் வேலை தர வேண்டிய கட்டாயமும் நிறுவனத்திற்கு இல்லை. 2019-இல் திருத்திய விதிகள் குறைந்தபட்ச மாத உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வைத்தன. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், தம் ஆட்தொகையில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்றன. இது நல்ல அடித்தளம். ஆனால் பழகுநர் கற்கிறாரா, அல்லது குறைந்த கூலிக்கு மற்றவர் வேலையைச் செய்கிறாரா என்பதைப் பட்டறைக்குள் சென்று பார்த்தாலன்றித் தெரியாது. சேர்ந்தவர் தொகை இதைக் காட்டாது.

அப்படியானால் எதை அளக்க வேண்டும்? மூன்றைச் சொல்லலாம். முதலாவது, பயிற்சி முடித்து ஓராண்டும் ஐந்தாண்டும் சென்றபின், எத்தனை பேர் கற்ற தொழிலிலேயே இருக்கிறார்கள், என்ன ஊதியம் பெறுகிறார்கள் என்பது. பெண்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். இரண்டாவது, அவர்களில் எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள் என்பது. மூன்றாவது, ஒரு கடைசல் இயந்திரத்திற்கு எத்தனை மாணவர், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பது. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தையும் இதே கோலால்தான் மதிப்பிட வேண்டும். எத்தனை இலட்சம் பேர் பயிற்சி பெற்றனர் என்பது தொடக்கக் கணக்கேயாகும், முடிவுக் கணக்காகாது.

இத்துறையில் சேர எண்ணும் மாணவர்களே, நீங்களும் சில கேள்விகளைக் கேளுங்கள். சான்றிதழை வழங்குவது யார், அதற்கு அரசின் ஏற்பு உண்டா? ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தால் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் சேர வழி இருக்கிறது. நீங்கள் எடுக்கும் பிரிவுக்கும் அது பொருந்துமா? வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவியைக் கையில் பிடிக்கலாம்? முன்பு படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத நிலையம், தன் வேலையைத் தானே அளந்து பார்க்கவில்லை என்று அறிக. அரசின் திட்டமானாலும் தனியார் நிலையமானாலும் இந்தச் சோதனை ஒன்றேதான்.