நீலச் சுடர்களும் சின்னத்திரையும்

ரே பிராட்பரியின் ‘மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்’ (1950) ஒரே கதையோட்டமுள்ள நாவலன்று. செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய தனித்தனிக் கதைகளை ஒரு சரட்டில் கோத்த மாலை. 1980-இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி இதனை மூன்று பகுதிகளாக ஒளிபரப்பியது. அத்தொடர் சலிப்பூட்டுவதாக ஆசிரியரே வெளிப்படையாகக் கூறினார்.

அக்கூற்றில் நியாயமுண்டு. தொடருக்கு ஒரு நாயகன் வேண்டுமென்று, நூலில் சில கதைகளில் மட்டுமே தோன்றும் வைல்டரை எங்கும் நடமாட விட்டனர். கால்வாய் நீரில் தெரியும் தம் மக்களின் முகங்களையே ‘செவ்வாய் மாந்தர்’ எனக் காட்டும் தந்தை, நூலின் இறுதிக்கதையில் மட்டும் வருபவர். திரையில் அப்பேறும் வைல்டருக்கே!

பெரிகிரின் என்னும் குருவின் கதை நம் வாசகர்களுக்கு நெருக்கமானது. உடலைத் துறந்து நீலச் சுடர்க்கோளங்களாய் மிதக்கும் உயிர்களுக்கும் மீட்பு தேவையோ எனத் தேடிச் செல்கிறார் அவர். அவையோ, தாம் பாவமின்றி அமைதியில் வாழ்வதாக விடையிறுக்கின்றன. எழுத்தில் அச்சுடர்களை நம் உள்ளமே ஏற்றுகிறது. திரையிலோ அவை வெறும் விளக்குகள்.

ஆயினும் பிராட்பரியின் மற்றொரு கதையிலிருந்து சேர்த்த காட்சியொன்று தொடரை உயர்த்துகிறது. காண்பவரின் ஏக்கத்திற்கேற்ப உருமாறும் செவ்வாய்வாசி ஒருவர், பெரிகிரின் முன் கிறிஸ்துவாக நிற்கிறார். குருவின் ஆவலே தம்மை அவ்வுருவில் சிறைப்படுத்துவதாகக் கூறி விடுதலை வேண்டுகிறார். இங்கே தந்திரக்காட்சி எதுவும் தேவைப்படவில்லை. வாழ்நாளெல்லாம் தேடிய திருமுகத்தை, அன்பின் பொருட்டே விட்டுவிட வேண்டிய ஒரு குருவின் கண்கள் போதுமாயிருந்தன.