ஒளி எட்டும் ஆழம்

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஒரு குழந்தையை அசையாமல் கிடத்துவது லேசான காரியமல்ல. ஒரு தொப்பியை மாட்டி, தாயின் மடியில் வைத்தே மூளையைப் பார்க்கலாமென்றால் பாதித் தொல்லை தீரும். ஒளிவழி மூளைப் படமெடுப்பின் முதற் பலம் இதுதான். உத்தரப் பிரதேசத்தின் சிவ்கர் கிராமப்புறக் குழந்தைகளிடம் ஜோன் ஸ்பென்சர் குழுவினர் இதைக் கொண்டுபோய், 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே போனது நம் வவுனியா நெளுக்குளத்துக்கும் வரலாம்.

ஒளியைச் செலுத்திக் குருதியின் ஒட்சிசனை அறியும், கொவிட் காலத்தில் விரலில் மாட்டிய ஒட்சிசன் மானியின் தத்துவமே இங்கும். 1977இல் பிரான்ஸ் யோப்சிஸ் என்ற ஆய்வாளர் அதை மூளைக்குக் கொண்டுவந்தார். ஓய்விலும், ஒன்றோடொன்று இணைந்த மூளைப் பகுதிகளின் குருதிச் சமிக்ஞை ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதை 1995இல் பரத் பிஸ்வால் எம்.ஆர்.ஐ. மூலம் காட்டினார். 2009இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு அதையே ஒளியால் காட்டியது.

சிக்கல் அந்தத் தாளத்தில்தான். அதன் ஓர் அலைக்குப் பத்து விநாடியோ அதற்கு மேலோ எடுக்கும். குருதியழுத்தத்துக்கும் ஏறத்தாழப் பத்து விநாடிக்கொரு அலை உண்டு. உச்சந்தலைத் தோலின் குருதியோட்டமும் அதோடு சேர்ந்து ஆடும். தோலில் ஓடும் குருதியை அளந்துவிட்டு, மூளையின் இரு பகுதிகள் பேசிக்கொள்கின்றன என்று எழுதிவிட முடியும். ஒளிமுனைக்கு ஒரு சென்ரிமீற்றருக்குள் இன்னோர் உணரியை வைத்து, தோலை மட்டும் அளந்து, அதன் பங்கைக் கழிப்பதே இதற்குப் பரிகாரம். அதைச் செய்யாத இணைப்பு வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது மயிர். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னலோடு வரும் நம் பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு முனையின் கீழும் குச்சியால் வகிடு பிரிக்கவேண்டும். அடர்ந்த கறுத்த மயிரும் கருந்தோலும் ஒளியை விழுங்கும். சமிக்ஞை மங்கியவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆய்வு யாருக்காகவோ, அவர்களே வெளியே நிற்க நேரும்.

ஆழம் இன்னும் பெரிய குறை. வளர்ந்தவர்களின் தலையில் ஒளி மூளையின் மேற்புறணியைத்தான் தொடும். 2009இல் போர் முடிந்தபின் மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்த வன்னி மக்களின் மனவடுவை ஆராய வருபவர் முதலில் தேடுவது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவை. அது ஒளிக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. வன்னி கேட்கும் கேள்விக்கு இந்தக் கருவியிடம் நேரடிப் பதில் இல்லை.

குழுக்களின் சராசரியை ஒப்பிடவும், குழந்தைகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் தொடரவும் இது நல்ல கருவி. ஆனால் ஒரு தனிப் பிள்ளையின் படத்தைக் காட்டி “இதன் மூளை இப்படி” என்று சொல்ல இது இன்னும் முதிரவில்லை. தொப்பியோடு யாராவது உங்கள் பாடசாலைக்கு வந்தால், தோலின் குருதியை எப்படிக் கழிப்பீர்கள், எத்தனை பிள்ளைகளின் பதிவை நீக்குவீர்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.