அடுப்படிக் கணக்கில் விடுபடும் வரிகள்

பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் பூலாம்பாடியில் யாருக்கும் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வட்டாரம் இது. விலை கிடைத்த வருஷம் கையில் காசு இருக்கும். கிடைக்காத வருஷம் பட்டறையில் வெங்காயம் முளைவிட்டுக் கிடக்கும். அப்படித் தேங்கிய வெங்காயத்தை அழுகவிடாமல் நறுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு சேர்த்து இடித்து, உருட்டி, சித்திரை வெயிலில் காயவைத்தால் தாளிப்பு வடகம். வெங்காய விலை எகிறும் மாதங்களில் ஒரு வடகத்தை உதிர்த்து எண்ணெயில் போட்டால் குழம்புக்கு வாசம் வந்துவிடும். மலிந்த காலத்துப் பொருளை அரிய காலத்துக்குக் கடத்தும் இந்த வகைச் சிக்கனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இதில் யார் வயிறும் குறைவதில்லை.

இதைவிடவும் உறுதியான சிக்கனம் அடுப்பில் இருக்கிறது. தண்ணீர் கொதித்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பருப்பும் விரைந்து வேகாது. கூடுதல் தீ முழுவதும் ஆவியாகவே போகிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேல், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்கத் தேவைப்படும். ஆகவே மூடி போடுவதும், கொதி வந்ததும் தீயைக் குறைப்பதும், கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறப்போடுவதும் சின்ன விஷயங்கள் அல்ல. குக்கரில் சூடு 120 டிகிரிக்கு அருகே போவதால்தான் நேரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. 14.2 கிலோ சிலிண்டர் சில நாள் கூடுதலாக வந்தால் அது கண்ணுக்குத் தெரியும் லாபம். இதற்கு ருசியிலும் சத்திலும் ஒரு பைசாகூட விலை கொடுக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், சிக்கனத்தின் கண் பழைய இடத்திலேயே குத்திட்டு நிற்பதில். அரிசியைச் சிந்தாமல் அள்ளுவது, மிஞ்சிய சோற்றைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அரிசி அரிதாக இருந்த தலைமுறையின் பழக்கம். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் பெரும்பாலான அட்டைகளுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2022-23ஆம் ஆண்டின் மத்திய அரசு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: இந்தியக் கிராமங்களில் குடும்பச் செலவில் தானியங்களின் பங்கு 5 சதவீதத்தைத் தொடவில்லை. பானங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், கடையில் வாங்கும் சமைத்த உணவு இவற்றின் பங்கோ 9.6 சதவீதம். அரிசிப் பானைக்குக் காவல் பலமாக இருக்கிறது. பிள்ளைகள் கையில் போகும் பத்து ரூபாய் நோட்டுக்குக் காவல் இல்லை. (பெரியவர்களின் டீக்கடைக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

அடுத்து, பொடி வெங்காயம். பருமனான காயைவிட விலை குறைவு என்று பொடியை வாங்குவது இந்தப் பக்கம் சகஜம். வெங்காயம் அதேதான், காரம்கூட ஒரு பிடி அதிகம். ஆனால் ஒரு கிலோவுக்கு எத்தனை காய் கூடுகிறதோ அத்தனை முறை தோலுரிக்க வேண்டும். விலையில் குறைந்த பணம் உரிப்பவரின் நேரமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் களை எடுக்கப் போனால் கூலி உண்டு. அடுப்படியில் உட்கார்ந்து உரித்தால் இல்லை என்பதால் அது மிச்சம் என்று எழுதப்படுகிறது. கூலி வேலை இல்லாத நாளில் இந்தக் கணக்கு சரிதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிலிண்டரைச் சேமிக்கப் பருத்திமாரை அடுக்கி விறகடுப்பு மூட்டுவதும் இதே ரகம், இன்னும் மோசமான ரகம். மார் இலவசம், புகை இலவசமில்லை. அதன் விலையை நுரையீரல் தவணை தவணையாகக் கட்டுகிறது. வெந்நீர் போடவாவது வாசலில் திறந்தவெளியில் மூட்டினால் ஆபத்து ஓரளவு குறையும்.

வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதிலும் இந்தத் தவணைக் கடன் இருக்கிறது. உணவகங்களில் காய்ந்த எண்ணெயின் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி உண்டு. வீட்டு வாணலியை அளக்க ஆளில்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுக்கும் வரை காத்திருப்பதுதான் நம் அளவுகோல். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்பதும் ஆபத்தான நம்பிக்கை. அஃப்ளாடாக்சின் நஞ்சு அந்தச் சூட்டுக்கு முழுதாக அழியாது. பழைய சோற்றை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. நீரூற்றிப் புளிக்கவிட்ட சோற்றின் குடல்நலப் பயனைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே ஆராயத் தொடங்கியது. ஆனால் நீரூற்றாமல் இரவெல்லாம் வெளியே கிடந்த சோற்றை மறுநாள் தாளித்துப் பிள்ளைக்கு வைப்பது வேறு. அதில் பெருகக்கூடிய ஒருவகைக் கிருமியின் நஞ்சு தாளிப்புச் சூட்டுக்கு அசையாது.

எனக்கு மிகவும் உறுத்துவது கடைசித் தட்டு. மாமனார், கணவர், பிள்ளைகள் சாப்பிட்டபின் மிஞ்சிய ரசத்தோடும் அடிச் சோற்றோடும் முடித்துக்கொள்பவரை 'செட்டானவள்' என்று ஊர் மெச்சுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல. கடைசியில் சாப்பிடுவது மட்டுமே என்று சொல்வது மிகை. ஆனால் முட்டையும் கீரையும் மீனும் தட்டுக்கு வராமல் மிச்சமாகும் பணம் எந்த உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இவ்வளவு சொன்னபின்னும் அடுப்படிச் சிக்கனத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. காரணம் சிறுவாடு. கடுகு டப்பாவில் சேர்ந்த காசு, பல வீடுகளில் ஒரு பெண் யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடிய ஒரே பணம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பேருந்துக்கு அதுதான். விதை வாங்கக் கை கடித்தால் கணவர் தேடி வருவதும் அதைத்தான். அதன் பலவீனம் 2016 நவம்பர் 8 அன்று இரவு வெளியே வந்தது. செல்லாததாகிப்போன 500 ரூபாய்த் தாள்களை மாற்ற வேண்டுமென்றால் வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றானது. ரகசியம் போனதோடு பணமும் பலருக்குப் பொதுக் கணக்கில் கரைந்தது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் அந்தக் காசுக்கு ஒரு பேரேட்டைக் கொடுத்தன. சேமித்தவர் பெயர் அதில் இருந்தது. குழுவில் இருப்பவர்களும்கூட டப்பாவைக் காலி செய்யவில்லை. குழுவில் போட்ட பணத்துக்குக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். டப்பாவில் போட்டதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.