மனித எழுத்துக்கு யார் சான்று?

ஒரு கட்டுரையையோ கதையையோ படத்தையோ மனிதர்தான் உருவாக்கினார், செயற்கை நுண்ணறிவு உருவாக்கவில்லை என்று உறுதி செய்யும் முயற்சிகள் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின் பெருகின. இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முடிந்த படைப்பை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் கண்டறி மென்பொருள்கள், படைப்பு உருவான வழியைக் கோப்பிலேயே பதிவு செய்யும் தொழில்நுட்பங்கள், எழுதியவர் உறுதிமொழி தந்து பெறும் முத்திரைகள். கல்வி நிலையங்களிலும் பதிப்புத் துறையிலும் முதலில் நாடப்பட்டவை கண்டறி மென்பொருள்கள். நேர்மையாக எழுதியவருக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடியவையும் அவையே.

பின்னணி

இத்தேவை கற்பனையானது அன்று. அமெரிக்காவின் அறிவியல் புனைகதை இதழான கிளார்க்ஸ்வேர்ல்டு 2023 பிப்ரவரி 20 அன்று கதைகள் பெறுவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த மாதத்தில் அதுவரை சுமார் 500 கதைகள் இயந்திரத்தால் எழுதப்பட்டவையாக வந்திருந்தன. அக்கதைகள் தரமற்றவை. ஆயினும் அவற்றைப் பிரித்து ஒதுக்கவே ஆசிரியர் குழுவின் நேரம் போதவில்லை. அறிமுகமில்லாத எழுத்தாளரின் கதையையும் திறந்து படிக்கும் இதழ்களுக்கு இது வாழ்வாதாரச் சிக்கல். தெரிந்தவர்களிடம் மட்டும் கதை வாங்கினால் சிக்கல் தீரும். ஆனால் புதியவர்களுக்கு வாசல் அடைபடும்.

கண்டறி மென்பொருள்கள்

இம்மென்பொருள்களில் பல, அடுத்த சொல் எந்த அளவுக்கு எதிர்பார்க்கத் தக்கது என்பதை அளவிடுகின்றன. எளிதில் ஊகிக்கத்தக்க சொற்கள் தொடர்ந்து வந்தால் இயந்திரத்தின் எழுத்து என்றும், எதிர்பாராத சொற்கள் வந்தால் மனித எழுத்து என்றும் கொள்கின்றன. இங்கேதான் பிழை தொடங்குகிறது. அளக்கப்படுவது சொல்லாட்சியின் பழக்கம். எழுதியது யார் என்பதை அந்த அளவுகோல் தொடுவதே இல்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறி கருவியை வெளியிட்டது. இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாகச் சுட்டியது. மனித எழுத்தில் 9 விழுக்காட்டை இயந்திரத்துடையது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

தவறு யார் தலையில் விழுகிறது என்பது இதைவிட முக்கியமான கேள்வி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறி கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திர எழுத்து என்று முத்திரை குத்தப்பட்டன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகள் பெரும்பாலும் தப்பின. காரணம் எளியது. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தமக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களையே கையாளுவார். அந்த எச்சரிக்கையே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. ஆய்வாளர்கள் அதே கட்டுரைகளின் சொல்வளத்தைக் கூட்டும்படி சாட்ஜிபிடியிடம் கொடுத்தபோது, தவறான முத்திரைகள் பெருமளவு குறைந்தன. நேர்மையாக எழுதியவர் மனிதர் என்று பெயர் வாங்க இயந்திரத்தின் உதவியை நாட வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

சிறிய பிழை விகிதமும் சிறியதன்று. டர்னிட்டின் நிறுவனம் தன் கருவியின் தவறான குற்றச்சாட்டு விகிதம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2022இல் தான் அந்நிறுவனத்தின் மென்பொருளில் சமர்ப்பித்த 75,000 தாள்களைக் கொண்டு கணக்கிட்டது. 1 விழுக்காடு என்றால் 750 தாள்கள் பிழையாகக் குற்றம் சாட்டப்படும். 2023 ஆகஸ்டில் அப்பல்கலைக்கழகம் அக்கருவியை நிறுத்தியது. பிறர் நூலிலிருந்து திருடியதாகக் குற்றம் சாட்டினால் மூல நூலை அருகில் வைத்துக் காட்டலாம். இங்கே காட்டுவதற்கு மூலம் ஏதுமில்லை. ஒரு விழுக்காட்டு எண் மட்டுமே இருக்கிறது. அதை மறுக்க மாணவரிடமும் ஏதுமில்லை.

தேர்ந்த கண்ணின் தீர்ப்பு

கருவி தவறினால் அனுபவமுள்ள மனிதர் கண்டுபிடித்துவிடுவார் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று அறிவித்து விருதை மறுத்தார். 2024இல் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக் கலைஞர் கேமராவில் எடுத்த பூநாரைப் படத்தை 1839 விருதுகளின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பினார். அது நடுவர்களிடம் பரிசும் வாசகர் வாக்கும் பெற்றது. உண்மையைச் சொன்னதும் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. இரு முறையும் உண்மையை வெளிப்படுத்தியது படைத்தவரின் வாய்ச்சொல்தான்.

தமிழுக்கு இந்த விவாதம் முற்றிலும் புதிதன்று. கம்பராமாயணத்தில் எது கம்பனின் பாடல், எது இடைச்செருகல் என்பதை டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் ரசனையைக் கொண்டு முடிவு செய்தார். எஸ். வையாபுரிப் பிள்ளையின் பதிப்பு முறையோ ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுவதில் ஊன்றியது. டி.கே.சி.யின் ரசனை நுட்பமானது. அவரால் கம்பனுக்கு வந்த வாசகர்கள் பலர். ஆனால் ‘இது கம்பனாக இருக்க முடியாது’ என்ற உணர்வு எவ்வளவு கூர்மையானதாயினும் அதைப் பிறர் சோதித்துப் பார்க்க வழியில்லை. சுவடியைச் சோதிக்கலாம். இன்றைய கண்டறி மென்பொருள், ரசனையும் இல்லாமல் சுவடியும் இல்லாமல் அதே தீர்ப்பைச் சொல்ல முயல்கிறது.

மூலப் பதிவு

சுவடியின் இடத்தை நிரப்ப முயல்வது இரண்டாம் வகை. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 2021இல் சி2பிஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஒரு படம் எந்தக் கருவியில் உருவானது, பின்னர் எவ்வாறு திருத்தப்பட்டது என்ற வரலாற்றை மறைகுறியீட்டுக் கையொப்பத்துடன் கோப்போடு இணைப்பது அதன் முறை. திசை சரியானது, எல்லைகளும் உண்டு. திரைப்பிடிப்பு எடுத்தால் அந்த வரலாறு அறுந்துவிடும். வரலாறு இல்லாத படம் பொய் என்றும் ஆகாது. உரைக்கு இது இன்னும் குறைவாகவே பயன்படும்: இயந்திரம் எழுதியதை ஒருவர் பார்த்துத் தட்டச்சு செய்தால் தட்டச்சு வரலாறு முழுவதும் மனிதருடையதாகவே இருக்கும்.

உறுதிமொழி முத்திரை

அமெரிக்க எழுத்தாளர் அமைப்பான ஆதர்ஸ் கில்டு 2025 ஜனவரியில் ‘ஹியூமன் ஆதர்டு’ என்ற சான்றைத் தொடங்கியது. நூலின் உரையை மனிதரே எழுதினார் என்று ஆசிரியர் உறுதியளித்து, உரிமக் கட்டுப்பாட்டை ஏற்று முத்திரையைப் பெறுகிறார். எழுத்துப்பிழை, இலக்கணம் திருத்தும் சிறு உதவிகளுக்கு அனுமதி உண்டு. சான்று பெற்ற நூல்களை வாசகர் பொதுப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

மென்பொருள் சோதனை இல்லையே, பொய் சொன்னால் என்ன செய்வது என்ற எதிர்ப்பு எழுவது இயல்பு. பொய் சொல்ல முடியும். ஆனால் பொய் சொன்னவர் யார் என்பது தெரிந்திருக்கும். பொறுப்பு ஒரு பெயரின் மேல் நிற்கும். கண்டறி மென்பொருள் தவறினால் பொறுப்பேற்க எவரும் இல்லை. முத்திரையின் உண்மையான குறை வேறு. அது இழப்பதற்குப் பெயரும் சேர்வதற்கு அமைப்பும் உள்ளவர்களுக்கே எளிதில் பயன்படும். முதல் கதையை அனுப்பும் இருபது வயதினருக்கு இரண்டும் இல்லை.

மதிப்பீடு

முடிந்த பக்கத்திலிருந்து எழுதியவரைப் படித்துவிடலாம் என்ற எண்ணமே இம்முயற்சிகளின் அடிப்படைப் பிழை. எளிய, பிழையற்ற, பாடநூல் சாயலுள்ள தமிழில் எழுதுபவர்கள் நம்மிடையே ஏராளம். பள்ளிக்கூடம் கற்றுத் தந்த நடை அது. அந்த நடையையே ஐயத்துக்குரிய அடையாளமாக்கினால் முதலில் அடிபடுவது முதல் தலைமுறையாக எழுத வருபவர்கள்.

எனவே இதழாசிரியரும் ஆசிரியரும் செய்யக்கூடியது மெதுவான பழைய வேலைதான். மென்பொருளின் விழுக்காட்டை மட்டும் வைத்து எந்தப் படைப்பையும் நிராகரிக்காமல் இருப்பது; ஐயம் வந்தால் எழுதியவரிடம் கேட்பது; முன்வரைவுகளைப் பற்றியும், ஒரு பத்தி ஏன் அப்படி அமைந்தது என்பது பற்றியும் உரையாடுவது. பொய்யர் சிலர் இதிலும் தப்புவர். அந்த இழப்பு பொறுக்கத்தக்கது. எழுதிய ஒருவரிடம் ‘இதை நீ எழுதவில்லை’ என்று ஆதாரமின்றிச் சொல்வதால் வரும் இழப்பு பொறுக்கத்தக்கதன்று. ஐயப்படுபவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்ற நெறியை இயந்திரங்களின் வருகை மாற்றிவிடவில்லை.