காது, நாக்கு, கண்

சேலத்துக்காரர் ஒருவருக்குக் காபி, இசை, புகைப்படம் என்று மூன்று ஆசைகளும் ஒட்டிக்கொண்டால் அதற்கு ஊரும் ஒரு காரணம். நகரத்தின் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் சேர்வராயன் மலை தெரியும். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்த ஏற்காடு அங்கேதான் இருக்கிறது. அந்த மலையின் அடிவாரச் சாலையில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்து வந்தது. நாமக்கல் பக்கம் போனால், கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு இளமையில் பாடம் சொன்ன நரசிம்ம ஐயங்கார் அந்த ஊர்ப் பெயரைச் சுமந்தவர்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று பலரும் சொல்கிறார்கள். பாதி சரி. எது எதற்கு என்ன தருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியும்.

வீட்டில் இரும்புச் சட்டியில் பச்சைக் கொட்டையை வறுப்பவரைக் கவனியுங்கள். 200 டிகிரி செல்சியஸை ஒட்டி முதல் வெடிப்புக் கேட்கும். தெளிவான, இடைவெளி விட்ட சத்தம். சற்று நேரம் கழித்து இரண்டாம் வெடிப்பு வரும். அது மெலிந்து, நெருங்கிச் சடசடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே சட்டியை இறக்குகிறோமோ, அதுதான் நாளைய காலை டம்ளரின் ருசி. அடுப்பு இரைய, பக்கத்தில் மிக்ஸி ஓட, அந்தச் சன்னமான மாற்றத்தைப் பிடிப்பது தம்புராவோடு சேர்ந்து பாடிப் பழகிய காதுக்குச் சுலபம். நிறம் பார்ப்பது இன்னொரு வேலை. மஞ்சள் பல்பின் கீழே கொட்டை உள்ளதைவிடச் சிவந்து தெரியும். படம் எடுப்பவருக்கு வெளிச்சம் செய்கிற இந்த ஏமாற்று அத்துபடி என்பதால், அவர் சட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பார். இங்கே காதும் கண்ணும் நாக்குக்கு உழைக்கின்றன. இதை உண்மையான துணை என்று ஒப்புக்கொள்ளத் தடையில்லை.

படத்துக்கு இசை தருவதும் பெரிது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் முறையாகப் பியானோ பயின்றவர். நெகட்டிவை இசைக் குறிப்பாகவும், அதிலிருந்து அச்சிடும் படத்தை அதன் வாசிப்பாகவும் அவர் பார்த்தார். கீர்த்தனை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்: சாகித்தியம் ஒன்றுதான், சங்கதியில் பாடகர் தெரிகிறார். இன்னும் சின்ன அளவிலும் இசை உதவுகிறது. பிலிம் கழுவும் டாங்கைச் சீராகக் கவிழ்த்து நிமிர்த்த, தொடையில் ஆதி தாளம் போட்டபடி எண்ணுகிறவருக்குக் கடிகாரம் தேவைப்படுவதில்லை. காலப்பிரமாணம் கைக்கு வந்துவிட்டால் எந்த வேலையிலும் அது தங்கும்.

காபியால் பிலிமையே கழுவலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்காட் வில்லியம்ஸின் மாணவர்கள் காபித்தூளும் சலவைச் சோடாவும் கரைத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவம் வரவழைத்தார்கள். ‘காஃபினால்’ என்று பெயர். காபியில் உள்ள காஃபிக் அமிலம் அந்த வேலையைச் செய்கிறது. பின்னால் வைட்டமின் சி சேர்த்து வேகம் கூட்டினார்கள். கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் இதற்கு மலிவான இன்ஸ்டன்ட் தூளே போதும், ரொபஸ்டா கலந்தது இன்னும் நல்லது என்பது செய்து பார்த்தவர்களின் அனுபவம். ஏற்காட்டு அரபிகாவை அதில் கொட்டினால் வீண். நாக்கு தேடும் நயம் பிலிமுக்கு வேண்டாம். இரண்டு ஆசைகளையும் ஒரே பாத்திரத்தில் கலப்பது வேடிக்கைக்கு நல்லது. அதனால் காபியும் தேறாது, கண்ணும் தேறாது. ஒன்றில் பழகிய கூர்மை இன்னொன்றுக்குப் போய்ச் சேரும்போதுதான் லாபம்.

அந்தக் கூர்மை இல்லாத படம் எப்படி இருக்கும்? அறுவடைக் காலத்தில் ஏற்காட்டுத் தோட்டங்களில் எடுக்கும் படங்கள் பலவற்றில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் காய் நிறைந்த கூடை இருக்கும். வண்ணத்துக்கு அழகு. காபி தெரிந்தவர் கண்ணுக்கு அது பழுக்காத காயும் சேர்ந்து பறிக்கப்பட்ட, ருசி கெட்ட கூடை. பழத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறிக்கும் பெண்ணின் விரலை எடுத்திருந்தால், படமும் காபியும் சேர்ந்தே ஜெயித்திருக்கும்.

குறைகளுக்கு வருவோம். மூன்றில் புகைப்படம் பேராசைக்காரன். நுரை அடங்குமுன் குடிக்க வேண்டிய காபியைக் கோணம் பார்த்துக்கொண்டே ஆறவிடுகிறோம். கச்சேரியில் ராகம் விரியும் நேரத்தில் கைப்பேசி உயர்கிறது. எதிரே பாடுவதை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கிறோம். இசையும் காபியும் படத்துக்குக் கொடுக்கின்றன. படம் கொடுப்பதைவிட அவற்றிடம் வாங்கிக்கொள்வதே அதிகம். இசைக்குக் காபி என்ன தருகிறது என்று தேடினால், விழிப்பைத் தவிர எதுவும் அகப்படவில்லை. காபிக் கடையில் பின்னால் ஓடும் பாட்டை இசை ரசனை என்று நான் ஏற்கமாட்டேன். அடுத்த குறை பணம். அரவை இயந்திரம், லென்ஸ், ஒலிபெருக்கி என்று மூன்று வாசலிலும் கடை திறந்திருக்கிறது. கருவி வாங்கும் சுகம் மூன்றுக்கும் பொது; பழகும் சிரமத்தை அது சத்தமில்லாமல் ஒத்திப்போடுகிறது.

இரண்டு கலைகளை வைத்துக்கொண்டு எதையும் நீர்க்கவிடாதவர்கள் உண்டு. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை கவிஞராகப் பெயர் பெறுமுன் ஓவியர். எஸ். ராஜம் (1919–2010) கோடீஸ்வர ஐயரின் எழுபத்திரண்டு மேளகர்த்தாக் கிருதிகளையும் பாடியவர். சங்கீத மும்மூர்த்திகளை நம் கண்ணில் நிறுத்தியதும் அவர் தூரிகைதான். பாட்டை அவர் ஓவியத்துக்குப் பின்னணி ஆக்கவில்லை, ஓவியத்தைப் பாட்டுக்கு விளம்பரம் ஆக்கவும் இல்லை. ஆடம்ஸோ கேமராவுக்காகப் பியானோவில் பிழைக்கும் எண்ணத்தைக் கைவிட்டார். அது தொழிலுக்கான முடிவு. பொழுதுபோக்குக்காரருக்கு எதையும் விட வேண்டிய கட்டாயமில்லை. சாதகம் செய்யும் நேரத்தில் கேமரா அலமாரிக்குள் இருந்தால் போதும்.